பொட்டலமும் பந்தியும்

(பட்டர்வொர்த், மாக் மண்டினில் தமிழ்க் கிறிஸ்தவ சபையார் கூடிய ஒன்றுகூடலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அந்நியரை உபசரிப்பது பற்றிப் பேசும்படி அழைத்தீர்கள். அதைப் பேச மாக் மண்டினைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் பினாங்கு மாநிலத்தின் பழைய தொழிற்பேட்டைகளில் ஒன்று இருக்கிறது. நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தோனேசியா என்று பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் உழைக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாம் ஆராதனைக்குப் போகும் வழியில்தான் அவர்கள் வாரச் சாமான் வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்புகிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரே சாலையில் போகின்றன. ஆனால் சந்திப்பதில்லை. இன்று என் பேச்சு அதைப் பற்றியதுதான்.

முதலில் இந்த மண்ணின் கதையைப் பார்ப்போம். பினாங்கில் முதல் கத்தோலிக்கச் சபை எப்படி வந்தது? சயாமில் கிறிஸ்தவர்கள் துன்பப்பட்ட காலம் அது. மன்னர் தக்சின் 1779-இல் பிரெஞ்சு மிஷனரிகளை நாட்டை விட்டு வெளியேற்றினார். போர்த்துக்கீசிய, சயாமிய இரத்தம் கலந்த விசுவாசக் குடும்பங்கள் பூக்கெட் பக்கத்திலிருந்து தெற்கே இறங்கி வந்து கோலக் கெடாவில் ஒதுங்கின. அந்தக் கரை கெடா சுல்தானுடையது. ஒரு முஸ்லிம் அரசரின் நிலத்தில்தான் அந்தக் கிறிஸ்தவ அகதிகள் கூரை போட்டுக்கொண்டு ஜெபித்தார்கள். 1786 ஆகஸ்ட் மாதம் பிரான்சிஸ் லைட் பினாங்கில் பிரிட்டிஷ் கொடி ஏற்றியபோது, ஆயர் கார்னோ அந்த மக்களை அழைத்துக்கொண்டு கடலைக் கடந்து தீவுக்கு வந்தார். அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டி அவர்கள் வந்து சேர்ந்ததால், ஜார்ஜ் டவுனில் அவர்கள் எழுப்பிய ஆலயத்துக்கு விண்ணேற்பு ஆலயம் என்றே பெயர் ஆயிற்று. நாம் கூடியிருக்கும் இந்தச் செபராங் பிறைக் கரையும் 1800 வரை கெடாவின் நிலம்தான். ஆக, நம் சபை வரலாற்றின் முதல் பக்கத்தில் மிஷன் திட்டமோ கட்டட நிதியோ இல்லை. புகலிடம் தேடி வந்த ஒரு கூட்டமும், அவர்களை இறங்கவிட்ட ஒரு கரையும் இருக்கின்றன.

இன்னொரு கதை நம் தமிழ்க் கடற்கரையைத் தொட்டு வருகிறது. ஆசியக் குருமாணவர்களுக்காக 1665-இல் அயுத்தியாவில் தொடங்கிய பொதுக் குருமடம், போராலும் துன்புறுத்தலாலும் ஊர் ஊராக விரட்டப்பட்டது. கம்போடியக் கடலோரத்தில் சில காலம் இருந்தது. அங்கும் நிற்க முடியாமல் 1770-இல் அது வந்து இறங்கிய இடம் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம். மீன்பிடி ஊர், அம்மன் தேருக்குப் பெயர் போன ஊர். மொழி தெரியாத சீன, வியட்நாமிய, சயாமியப் பிள்ளைகள் அந்தக் குப்பத்தின் அருகே பத்தாண்டுக்கும் மேலாகத் தங்கிப் படித்தார்கள். பின்னர் 1808-இல் அந்தக் குருமடம் பினாங்கில் மீண்டும் திறக்கப்பட்டது. இங்கே படித்துவிட்டுப் போய்த் தங்கள் நாட்டில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் பலர். நம் தாத்தாக்கள் கப்பல் ஏறிப் பினாங்கு வருவதற்கு முன்பே, பினாங்குக்கு வர இருந்த ஒரு குருமடத்தைத் தமிழ்க் கரை ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது.

பிறகு நம் முறை வந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிய நம் முன்னோர் கப்பலின் அடித்தளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தார்கள். கரை கண்டதும் ஊருக்குள் விடவில்லை. ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் நிறுத்திவைத்துச் சோதித்த பிறகே கங்காணியோடு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நின்றது. கங்காணி வழியாக ஆள் கொண்டுவருவது 1938-இல் நின்றது. அதுவரை வந்த லட்சக்கணக்கானவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம். ஜார்ஜ் டவுனில் பினாங்கு சாலையில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம், அப்படி வந்த தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் மொழியில் ஜெபிக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. தெரியாத ஊரில் தெரிந்த பாட்டு ஒன்று காதில் விழுந்தால் மனிதனுக்கு எவ்வளவு பலம் வருகிறது என்பதை நம் குடும்பங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவையும் நன்றியோடு நினைக்கிற நாம் இன்று என்ன செய்கிறோம்? ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது பொய். பெருந்தொற்றுக் காலத்தில் எத்தனையோ சபைகள் அரிசியும் எண்ணெயும் கட்டி ஹாஸ்டல்களுக்குக் கொண்டுபோயின. கிறிஸ்துமஸ் வந்தால் பிரியாணிப் பொட்டலம் போகிறது. கொடுத்த கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. பொட்டலம் கேட்டுக்கு வெளியே கைமாறுகிறது. கொடுத்தவர் காரில் ஏறுகிறார், வாங்கியவர் உள்ளே போகிறார். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. இதற்கு உதவி என்று பெயர். உபசரிப்பு என்பது பந்தியில் நடப்பது. ஒரே வரிசையில் இலை போட்டு, ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறி, போதுமா என்று முகத்தைப் பார்த்துக் கேட்பது. நாம் பொட்டலத்தில் தாராளமாகவும் பந்தியில் கஞ்சத்தனமாகவும் இருக்கிறோம்.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் அரசர் எண்ணிச் சொல்லும் காரியங்கள் ஆறு. பசித்தவருக்கு உணவு, தாகமுள்ளவருக்குத் தண்ணீர், அந்நியரைச் சேர்த்துக்கொள்ளுதல், ஆடையில்லாதவருக்கு ஆடை, நோயாளியைக் காணப்போதல், சிறையில் இருப்பவரிடம் போதல். உணவு கொடுப்பதும் அந்நியரைச் சேர்த்துக்கொள்வதும் அங்கே தனித்தனியாக நிற்கின்றன. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்ததாகக் கணக்கு எழுதிக்கொள்ள முடியாது. பசியைத் தீர்த்த பிறகும் அந்த மனிதன் அந்நியனாகவே இருக்கிறான் என்றால் நம் வேலை பாதியில் நிற்கிறது.

இயேசுவின் வாழ்க்கையைப் பாருங்கள். பிறக்கும்போது சத்திரத்தில் இடமில்லை. கைக்குழந்தையாக எகிப்துக்கு ஓடிய அகதி. ஊழிய நாட்களில் பேதுருவின் வீட்டிலும், மார்த்தாள் மரியாள் வீட்டிலும், ஊர் வெறுத்த சகேயுவின் வீட்டிலும் சாப்பிட்டார். கடைசி இராப்போஜனத்தின் மேலறை இரவல். அடக்கம் செய்யப்பட்ட கல்லறையும் இரவல். பிறர் கதவைத் திறந்தால்தான் அவருக்கு இடம். உயிர்த்தெழுந்த பிறகும் எம்மாவு போகும் சாலையில் வழிப்போக்கராகவே வந்தார். பொழுது சாய்ந்துவிட்டது என்று அந்த இருவரும் வருந்தி அழைத்து உட்காரவைத்த பிறகுதான், அப்பத்தைப் பிட்டபோது அவரைக் கண்டுகொண்டார்கள். வழி நெடுகக் கேட்ட வேதபாடத்தில் கண்கள் திறக்கவில்லை, பந்தியில் திறந்தன. அவர்கள் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தால் ஆண்டவரைக் காணாமலே உறங்கப் போயிருப்பார்கள்.

இதில் நம் பெருமையை அடக்க வேண்டிய ஒரு பாடமும் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி இரண்டு அதிகாரங்களில் வரும் நிகழ்ச்சி இது. பவுல் ஏறிய கப்பல் மெலித்தா தீவில் உடைகிறது. 276 பேர் நனைந்து, நடுங்கிக் கரை ஏறுகிறார்கள். மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி அவர்களைச் சேர்த்துக்கொண்டவர்கள் அந்தத் தீவின் மக்கள். கிறிஸ்துவின் பெயரைக் கேட்டே இராதவர்கள். தீவின் தலைவர் தன் வீட்டில் மூன்று நாள் வைத்து உபசரித்தார். லூக்கா இதை நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். கோலக் கெடாவில் நடந்ததும் இதுவே. விருந்தோம்பலை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான் என்று நாம் மார்தட்ட வேண்டாம். திருவள்ளுவர் அதற்கென ஒரு முழு அதிகாரத்தையே இல்லறவியலில் வைத்தார். ஆனால் கற்றதைக் காப்பாற்றும் கடமை நமக்குக் கூடுதல். ஏனென்றால் விருந்தாளியின் முகத்தில் யாரைக் காண்கிறோம் என்று நாம் அறிக்கையிட்டிருக்கிறோம்.

ஆதிச் சபை இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது என்பதற்குச் சாட்சி சொன்னவர் அதன் எதிரி. நான்காம் நூற்றாண்டில், 361 முதல் 363 வரை ஆண்ட ரோமப் பேரரசர் ஜூலியன், பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்றவர். கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசாரிக்கு அவர் எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று வருந்துகிறார். ஊர்தோறும் அந்நியருக்கு விடுதி கட்டும்படி உத்தரவிடுகிறார். சில ஆண்டுகள் கழித்து ஆயர் பசிலியார் செசரியாவில் வழிப்போக்கருக்கும் நோயாளிக்கும் ஏழைக்குமாக ஒரு பெரிய இல்லத்தையே எழுப்பினார். ஆனால் அந்தக் காலத்திலேயே ஆயர் கிறிசோஸ்தோம் யோவான் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். சபை விடுதி கட்டிவிட்டது என்று நீங்கள் சும்மா இருக்கக் கூடாது, உங்கள் வீட்டிலேயே ஓர் அறையை அந்நியருக்கென ஒதுக்குங்கள் என்பது அவருடைய போதனையின் சாரம். சபைக் கணக்கிலிருந்து போகும் பணம் என் வீட்டுக் கதவுக்குப் பதிலாகாது.

தமிழ்ச் சபையாரான நமக்குப் பந்தியின் கனம் வேறு எவரையும்விட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் விசுவாசம் சோதிக்கப்பட்ட இடமே அதுதான். 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியர்களுக்கு ஒரு நிபந்தனை விதித்தது. சாதி பாராமல் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றது. ஞானஸ்நானம் பெற்றவர்கள், வேதம் போதித்தவர்கள், அந்தச் சாப்பாட்டுக்கு உட்கார மறுத்து வேலையை விட்டுப் போனார்கள். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய ஆலயம் இரண்டு கால்களாகப் பிரிந்தது. ஒன்றில் ஒரு சாதி, மற்றதில் மறு சாதி, நடுவே சுவர். அந்தச் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிய வாய்கள் ஒரே பந்தியில் உண்ண மறுத்தன. இந்த வரலாற்றை அறிந்த நாம், நேப்பாளத்துப் பையனுக்குக் கேட்டுக்கு வெளியே இலையும், நமக்கு மண்டபத்துக்குள் இலையும் போடலாமா?

இனி வீட்டுக்குள் வருவோம். நம்மில் பல குடும்பங்களில் இந்தோனேசியப் பெண்கள் வீட்டு வேலை செய்கிறார்கள். புளோரஸ், தீமோர் தீவுகளிலிருந்து வரும் பலர் நம்மைப் போலவே கிறிஸ்தவர்கள். விருந்து நாளில் சமைப்பது அவர்கள். பந்தியில் அவர்களுக்கு இடம் உண்டா? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆராதனைக்குப் போக விடுகிறோமா? மலேசிய வேலைச் சட்டம் வாராந்தர ஓய்வுநாள் விதியிலிருந்து வீட்டுப் பணியாளரை விலக்கியே வைத்திருக்கிறது. சட்டம் தராத ஓய்வுநாளைத் தருவதற்கு நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பத்துக் கட்டளைகளிலே ஓய்வுநாள் கட்டளை வீட்டு வேலைக்காரியையும் வாசலுக்குள் இருக்கும் அந்நியனையும் சேர்த்தே பேசுகிறது.

2018 பிப்ரவரி மாதம், இங்கிருந்து தொலைவில்லாத புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இந்தோனேசிய வீட்டுப் பணிப்பெண் உடல் முழுக்கக் காயங்களோடு மீட்கப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். வீட்டுக்குள் இடமின்றி வெளி வராந்தாவில் நாயோடு படுத்திருந்தார் என்று அன்று நாடெங்கும் செய்தி வந்தது. வழக்கு நீதிமன்றத்தில் முடிந்துவிட்டது, அதற்குள் நான் போகவில்லை. நான் நினைப்பது அந்தப் பெண்ணைப் பார்த்து, பொறுக்க மாட்டாமல், வெளியே தகவல் சொன்ன அக்கம்பக்கத்தாரை. அவர்கள் வாய் திறந்ததால்தான் உதவி வந்தது. அது இன்னும் முன்னதாக வந்திருக்கக் கூடாதா என்று மனம் தவிக்கிறது. அடுத்த வீட்டில் இருப்பவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கவனிப்பதும் உபசரிப்புதான்.

உங்கள் மனதில் எழும் கேள்விகளை நான் அறிவேன். ‘நம் பிள்ளைகளுக்கே நல்ல வேலை இல்லை, இவர்கள் வந்து சம்பளத்தை இறக்கிவிடுகிறார்களே’ என்கிறீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்துக்கு விரட்டப்பட்ட நம் மக்களின் வேதனை உண்மையானது. ஆனால் சம்பளத்தை நிர்ணயிப்பது அந்த நேப்பாளப் பையன் அல்ல. ஏஜெண்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடனும், முதலாளி பெயரில் கட்டிப்போட்ட பெர்மிட்டும், சில இடங்களில் பிடுங்கி வைத்த பாஸ்போர்ட்டும் அவனைப் பேசவிடாமல் செய்கின்றன. நம் தாத்தாவைக் கங்காணியின் கடன் பேசவிடாமல் செய்தது போலத்தான். அவன் உரிமை காக்கப்பட்டால் நம் பிள்ளையின் கூலியும் உயரும்.

‘சட்டம் என்ன சொல்லுமோ’ என்று அஞ்சுகிறீர்கள். சட்டத்தை மீறி யாரையும் ஒளித்து வைக்கும்படி நான் சொல்லவில்லை. முறையான பெர்மிட்டோடு இங்கே இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அழைக்க எந்தச் சட்டமும் தடையில்லை. முதலில் அவர்களிடமிருந்து தொடங்குங்கள். அதே சமயம், 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் நம் நாடு கையெழுத்திடவில்லை என்பதையும், ஐநா அட்டை வைத்திருக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்கியரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை என்பதையும் தெரிந்துகொண்டு, ஒரு குடிமகனாக உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் பேசுங்கள்.

‘ஏமாற்றுகிறவர்களும் வருவார்களே’ என்பீர்கள். வருவார்கள். திதாக்கே என்னும் ஆதிச் சபை நூலே அதை அறிந்திருந்தது. வழிப்போக்கரைச் சேர்த்துக்கொள், இரண்டு மூன்று நாள் தங்கவிடு, அதற்கு மேல் தங்க விரும்பினால் உழைத்துச் சாப்பிட வழி செய் என்று அது நடைமுறையோடு சொல்கிறது. விவேகம் வேண்டும். ஆனால் விவேகம் கதவைத் திறந்த பிறகு தேவைப்படுவது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். நம் சோறு தூண்டிலாகக் கூடாது. வங்காளதேசத்து முஸ்லிம் சகோதரரை அழைக்கிறீர்களா? ஹலால் கடையிலிருந்து சாப்பாடு வரவழையுங்கள். பினாங்கில் நாசி கண்டாருக்கா பஞ்சம்? அதுவும் துறைமுகக் கூலிகளின் பசி தீர்க்கத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் சுமந்து விற்ற சோறுதான். நேப்பாளத்து இந்து வந்தால் மாட்டிறைச்சி வேண்டாம். துண்டுப் பிரசுரம் வேண்டாம், சாட்சி கேட்க வேண்டாம். அவர் தன் நம்பிக்கையோடு வந்து, தன் நம்பிக்கையோடு, வயிறும் மனமும் நிறைந்து போகட்டும். ஆபிரகாம் மம்ரேயில் அந்த மூவரிடம் மதம் கேட்கவில்லை.

ஆபிரகாம் ஓடி ஓடி உபசரித்தார் என்று பிரசங்கம் செய்கிறோம். மூன்று படி மாவைப் பிசைந்தது யார்? சாராள். நம் வீடுகளிலும் விருந்து என்று அறிவிப்பவர் ஆண், அடுப்படியில் வேகிறவர் பெண். மார்த்தாள் தனியாகப் பாடுபட்டு மனம் கசந்ததை நற்செய்தியே மறைக்கவில்லை. ஆகவே சகோதரர்களே, இந்த ஊழியத்தில் வெங்காயம் உரிப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் உங்கள் பங்கு. பெண்கள் முதுகில் ஏற்றிச் செய்யும் உபசரிப்பு அந்நியருக்கு நன்மையாகவும் சொந்த வீட்டுக்கு அநியாயமாகவும் முடியும்.

என்ன செய்யலாம்? மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, பெயர். ‘பங்களா’, ‘இந்தோன்’ என்ற சொற்களை இன்றோடு நம் நாவிலிருந்து எடுத்துவிடுவோம். நம்மை இழிவாக அழைத்த சொற்கள் நமக்கு எப்படி வலித்தன! பெயரைக் கேளுங்கள், தாய் தகப்பன் ஊரைக் கேளுங்கள்.

இரண்டாவது, துணை. தொழிற்சாலையில் விரல் நசுங்கினால் தங்களுக்கு 2019 முதல் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. மருத்துவமனையில் படிவம் நிரப்ப, மலாயில் பேச, கூட உட்கார ஒரு ஆள் வேண்டும். நம் சபைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதியர், அரசு ஊழியர்கள் எத்தனை பேர்! பணம் வேண்டாம், உங்கள் ஒரு காலைப் பொழுது போதும்.

மூன்றாவது, பந்தி. கிறிஸ்துமஸில் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறோம். உறவினர், அலுவலக நண்பர், அரசியல்வாதி எல்லோரும் வருகிறார்கள். ஹாஸ்டலிலிருந்து யார் வந்தார்கள்? மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த பின், ஒவ்வொரு குடும்பமும் ஒரு அந்நியருக்கு இடம் போடட்டும். நான்கு மாதம் கழித்து அவர்களைச் சமைக்கச் சொல்லுங்கள். நேப்பாளத்துப் பருப்பும் மியன்மார் மீன் குழம்பும் நம் மண்டபத்தில் மணக்கட்டும், நாம் விருந்தாளிகளாக உட்காருவோம். எம்மாவில் விருந்தாளியாக வந்தவர்தான் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொள்ளத் தெரியாதவரை நாம் கொடுப்பதில் மேட்டிமை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் ஒவ்வொரு ஜூலையும் எல்லா மதத்தாரும் பெரும் திரளாக வருகிறார்கள். அந்தக் கூட்டத்தை வரவேற்கவும், வழிகாட்டவும், பசியாற்றவும் நம் மக்களுக்குத் தெரிகிறது. கைப்பக்குவம் நம்மிடம் இருக்கிறது. விசுவாசப் பிரமாணம் மனப்பாடமாக இருக்கிறது. குறைவது அந்த இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் தீர்மானம்.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறு என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலுக்கு நேரில் போய், இன்னாரை என்று பெயர் சொல்லி அழையுங்கள். நாம் ஒருகாலத்தில் இந்தக் கரைக்கு வந்தபோது யாரோ ஒருவர் நம்மை உட்காரச் சொன்னார். அந்தக் கடனை இந்த மாக் மண்டினிலேயே அடைக்கத் தொடங்குவோம். கர்த்தர் உங்கள் வீடுகளையும் உங்கள் பந்திகளையும் ஆசீர்வதிப்பாராக.